ஆற்றின் அடியைக் கண்டவர்

நீலகிரி மலையின் வடசரிவில், முதுமலைக் காட்டை அடுத்து, மசினகுடி என்னும் ஊர் அமைந்துள்ளது. அதன் அருகே மாயாறு ஓடுகிறது. கோடையில் பாறைகளுக்கிடையே மெலிந்து செல்லும் அவ்வாறு, மழைக் காலத்தில் பெருக்கெடுத்துக் கரைமரங்களை வேரோடு பறித்துக்கொண்டு பாயும். வெள்ளம் வடிந்தபின் அம்மரங்களுள் சில மணலிலும் பாறை இடுக்குகளிலும் சிக்கி நிற்கும். மாயாற்றில் கப்பல்கள் செல்வதில்லை. ஆதலின், அம்மரங்களை யாரும் பகையாகக் கருதுவதும் இல்லை. ஆனால், நாள்தோறும் கப்பல்கள் செல்லும் பேராறு ஒன்றில் இவ்வாறு ஆயிரக்கணக்கான மரங்கள் புதைந்து நின்றால், அதனால் விளையும் கேடு சிறிதன்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் மிசிசிப்பி அத்தகைய பேராறு. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 மைல். இருப்புப் பாதைகள் பெருகாத காலத்தில் அந்நாட்டின் நடுப்பகுதிக்கு அதுவே பெருவழியாக விளங்கியது. மக்களும் தானியமும் பருத்தியும் ஈயமும் நீராவிக் கப்பல்களில் அவ்வழியே சென்றன. நீருக்குள் மறைந்து நின்ற புதைமரங்கள் கப்பலின் அடியைக் கிழித்தன. கப்பல்கள் சரக்கோடு மூழ்கின. மூழ்கியவற்றை மீட்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்க்கையைத் தொடங்கிய ஒருவர், பின்னர்த் தம் மீட்புக் கப்பலையே இரும்புக் கவசம் பூண்ட போர்க் கலமாக மாற்றினார். அதன்பின் அதே ஆற்றின்மேல் உலகம் வியக்கும் பாலம் ஒன்றையும் கட்டினார். அவரே ஜேம்ஸ் ஈட்ஸ்.

இளமை

ஈட்ஸ் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் இந்தியானா மாநிலத்தில் லாரன்ஸ்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் செய்த வாணிகம் எதுவும் நிலைக்கவில்லை. குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்துகொண்டே இருந்தது. 1833-ஆம் ஆண்டில் மிசிசிப்பியின் கரையிலுள்ள செயின்ட் லூயி நகருக்குக் குடியேற எண்ணி நீராவிக் கப்பலில் வந்தனர். கப்பல் கரையை அடையும் வேளையில் தீப்பற்றிக்கொண்டது. உயிர் தப்பியதைத் தவிர அக்குடும்பத்துக்கு வேறு எதுவும் எஞ்சவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவர் ஈட்ஸ் உடுத்த உடையோடு அந்நகரின் மண்ணை மிதித்தார்.

தாயார் சிலருக்கு உணவும் உறையுளும் அளித்துப் பொருளீட்ட முற்பட்டார். சிறுவர் ஈட்ஸ் தெருக்களில் ஆப்பிள் பழம் விற்றார். பின்னர்த் துணிக்கடை ஒன்றில் ஏவலராக அமர்ந்தார். பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பு அதன்பின் அவருக்குக் கிட்டவே இல்லை. ஆயினும், கடையின் உரிமையாளர் பாரெட் வில்லியம்ஸ் என்பவர் நல்லுள்ளம் படைத்தவர். சிறுவரின் அறிவு வேட்கையைக் கண்ட அவர், தம் நூலகத்தை அவருக்குத் திறந்துவிட்டார். பகலில் துணி மடித்த கைகள் இரவில் நூல்களைப் புரட்டின. எந்திரங்களைப் பற்றியும் இயற்கையின் ஆற்றல்களைப் பற்றியும் எழுதிய நூல்களை ஈட்ஸ் விரும்பிக் கற்றார். அந்நூலகமே அவர் பயின்ற கல்லூரி.

பதினெட்டு வயதுக்குப்பின் அவர் நீராவிக் கப்பல் ஒன்றில் கணக்கர் வேலையில் சேர்ந்தார். மிசிசிப்பியின் வளைவுகளையும் மணல்திட்டுகளையும் அவர் அறியத் தொடங்கியது அப்போதுதான். அவர் பணியாற்றிய கப்பலே ஒருநாள் புதைமரத்தில் மோதி ஈயச் சரக்கோடு மூழ்கியது. அக்காலத்தில் கப்பல் மூழ்கினால் உரிமையாளர் அதை மறந்துவிடுவதே வழக்கம். ஆற்றின் வேகமும் கலங்கல் நீரும் எவரையும் அருகே அணுகவிடவில்லை. பெருஞ்செல்வம் ஆற்றின் அடியில் கிடப்பதையும், அதை எடுப்பார் இல்லாததையும் ஈட்ஸ் எண்ணிப் பார்த்தார்.

ஆற்றின் அடியில்

1842-ஆம் ஆண்டு, தமது இருபத்திரண்டாம் வயதில், ஈட்ஸ் படகு கட்டும் இருவரிடம் சென்றார். அவர்கள் கேஸ், நெல்சன் என்போர். மூழ்கிய சரக்கை மீட்பதற்கு ஏற்ற கப்பல் ஒன்றின் வரைபடத்தை அவர்கள்முன் விரித்து, கூட்டாகத் தொழில் செய்ய அழைத்தார். கையில் பணம் இல்லாத இளைஞரின் தெளிவைக் கண்டு அவர்களும் இசைந்தனர்.

கப்பல் கட்டி முடியுமுன்பே முதல் வேலை வந்தது. கியோகக் என்னும் இடத்தில் ஈயம் ஏற்றிய படகு ஒன்று மூழ்கிக் கிடந்தது. நீருள் மூழ்கிப் பழகிய ஒருவரை ஈட்ஸ் கூலிக்கு அமர்த்தி அழைத்துச் சென்றார். அவர் ஏரிகளில் பழகியவர். மிசிசிப்பியின் இழுப்பில் அவரால் நிற்க முடியவில்லை. ஈட்ஸ் தயங்கவில்லை. அருகிலிருந்த ஊருக்குச் சென்று, நாற்பது காலன் கொள்ளும் பீப்பாய் ஒன்றை விலைக்கு வாங்கினார். அதன் ஒருபக்க மூடியை அகற்றி, விளிம்பைச் சுற்றி ஈயக் கட்டிகளைக் கட்டி, கவிழ்த்து நீரில் இறக்கச் செய்தார். காற்றுக் குழாய் ஒன்று அதனுள் சென்றது.

கண்ணாடிக் குவளை ஒன்றைக் கவிழ்த்து நேராக நீருக்குள் அழுத்தினால், உள்ளே இருக்கும் காற்று நீரை உட்புக விடாது. அந்த எளிய உண்மையே இக்கூண்டின் அடிப்படை. மேலிருந்து காற்றை அழுத்திச் செலுத்திக்கொண்டே இருந்தால், கூண்டினுள் இருப்பவர் மூச்சுவிட்டு வேலை செய்யலாம். ஆயினும், காற்றுக் குழாய் அறுந்தாலும் கயிறு நழுவினாலும் உள்ளே இருப்பவர் உயிர் தப்புதல் அரிது. அவ்விடருக்குப் பிறரை உட்படுத்த ஈட்ஸ் விரும்பவில்லை. பீப்பாயினுள் தாமே அமர்ந்து ஆற்றில் இறங்கினார். ஈயக் கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன.

அன்றுமுதல் அவர் பலநூறு முறை ஆற்றின் அடிக்குச் சென்றார். செயின்ட் லூயிக்கும் கடலை அடுத்துள்ள நியூ ஆர்லியன்சுக்கும் இடையே, அவர் அடியில் இறங்கி நில்லாத ஐம்பது மைல் பகுதி ஒன்றுகூட இல்லை என்பர். அங்கு வெளிச்சம் இல்லை. கையாலும் காலாலும் தடவியே அனைத்தையும் அறியவேண்டும். அவ்வாறு அறிந்தவற்றுள் ஒன்று அவர் வாழ்நாள் முழுவதும் பயன்பட்டது. ஒருமுறை 65 அடி ஆழத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றைத் தேடியபோது, காலடியில் நிலையான தரையை அவர் காணவில்லை. மணல் பல அடி ஆழத்துக்கு நீரோடு சேர்ந்து புயலில் பறக்கும் தூசிபோல் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்று நீர் மட்டுமன்று, ஆற்றின் அடியும் ஓடுகிறது என்பதை அவர் கண்டறிந்தார். நீரோட்டம் விரைந்தால் அது மணலை அரித்துச் செல்லும். தளர்ந்தால் மணலை இறக்கிவிடும். கரையில் நின்று ஆற்றைக் கண்டவர்களுக்கு இவ்வுண்மை புலப்படவில்லை.

வாழ்வும் தாழ்வும் அவருக்கு மாறிமாறி வந்தன. 1845-ஆம் ஆண்டில் திருமணம் செய்துகொண்டபின் ஆற்றை விட்டுவிட்டுக் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அது நலிந்தது. 25,000 டாலர் கடன் அவர் தலைமேல் ஏறியது. ஈட்ஸ் மீண்டும் ஆற்றுக்கே திரும்பினார். கடன் கொடுத்தவர்களே அவருடைய நேர்மையை நம்பி மேலும் 1,500 டாலர் கொடுத்து உதவினர். 1849-ஆம் ஆண்டு மே மாதத்தில் செயின்ட் லூயித் துறைமுகத்தில் பெருந்தீ மூண்டு 23 நீராவிக் கப்பல்களை அழித்தது. அவற்றை அகற்றும் பணி ஈட்ஸுக்கு வந்தது. அவர் சில ஆண்டுகளில் கடன் முழுவதையும் அடைத்துவிட்டார். இடைவிடாத உழைப்பு உடலைக் கெடுத்தமையால், 1857-ஆம் ஆண்டில், முப்பத்தேழாம் வயதில், தொழிலைவிட்டு ஓய்வு பெற்றார்.

போர் மூண்டது

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நீக்ரோ மக்கள் அடிமைகளாக வாங்கவும் விற்கவும் பட்டனர். அடிமை முறை பரவுவதை எதிர்த்த ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், தென்மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து தனி அரசு அமைத்துக்கொண்டன. 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் உள்நாட்டுப் போர் மூண்டது.

மிசிசிப்பியின் கீழ்ப்பகுதி தென்னவர் கையில் இருந்தது. அந்த ஆற்றையும் அதன் கிளையாறுகளையும் கைப்பற்றினால், தென்னாட்டை இரண்டாகப் பிளந்துவிடலாம். அதற்கு ஆற்றில் செல்லும் போர்க் கலங்கள் வேண்டும். அரசின் கடற்படையிடம் இருந்தவையோ ஆழ்கடலுக்கு உரியவை. அவை ஆற்றின் மணல்திட்டுகளில் தரைதட்டிவிடும். மிசிசிப்பியை நன்கு அறிந்தவர் யார் என்ற வினா எழுந்தது. லிங்கனின் அமைச்சரவையில் இருந்த எட்வர்ட் பேட்ஸ் என்பவர் செயின்ட் லூயி நகரைச் சேர்ந்தவர். போர் தொடங்கிய சில நாள்களிலேயே அவர் ஈட்ஸைத் தலைநகருக்கு அழைத்தார். ஓய்வில் இருந்த ஈட்ஸ் உடனே புறப்பட்டார்.

கப்பலைக் கலமாக்குதல்

ஈட்ஸிடம் ‘சப்மரீன் 7’ என்னும் பெரிய மீட்புக் கப்பல் இருந்தது. அது முன்னர்ப் புதைமரங்களைப் பிடுங்குவதற்காக அரசு கட்டியது. அதற்கு ஏறத்தாழ 20 அடி இடைவெளிவிட்டு அமைந்த இரண்டு அடிக்கூடுகள் இருந்தன. அதனைப் போர்க் கலமாக மாற்றலாம் என்று ஈட்ஸ் எடுத்துரைத்தார். படை அதிகாரிகள் முதலில் அதனை ஏற்கவில்லை. அவர்கள் பயணக் கப்பல்கள் மூன்றை விலைக்கு வாங்கி, அவற்றின் பக்கங்களில் ஐந்து அங்குலக் கனமுள்ள கருவாலிப் பலகைகளை அடித்துப் போருக்கு அனுப்பினர். அப்பலகைகள் துப்பாக்கிக் குண்டைத் தடுத்தன. பீரங்கிக் குண்டைத் தடுக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

மக்கள் செல்லும் நீராவிக் கப்பலைப் போர்க் கலமாக மாற்றுதல், தோற்றத்தில் எளிது, செயலில் அரிது. பயணக் கப்பலில் கொதிகலன்கள் முதன்மைத் தட்டில் பாதுகாப்பின்றி இருக்கும். ஒரே ஒரு குண்டு கொதிகலனைத் துளைத்தால், சீறி எழும் நீராவியே கப்பலில் உள்ளவர்களைக் கொன்றுவிடும். துடுப்புச் சக்கரங்கள் பக்கங்களிலோ பின்புறத்திலோ வெளிப்படையாகச் சுழலும். அவை உடைந்தால் கப்பல் அசையாது. கப்பலின் உடலோ மெல்லிய பலகைகளால் ஆனது. பீரங்கி சுடும்போது உண்டாகும் அதிர்ச்சியை அது தாங்காது.

இவை அனைத்துக்கும் இரும்புக் கவசம் அணிவித்தால் போதும் என்று தோன்றலாம். அங்கேதான் பெரிய தடை இருக்கிறது. ஓர் அங்குலக் கனமுள்ள இரும்புத் தகடு, சதுர அடிக்கு ஏறத்தாழ 40 பவுண்டு எடை உடையது. இரண்டரை அங்குலத் தகடாயின் சதுர அடிக்கு 100 பவுண்டு ஆகும். நூறு அடி நீளமும் பத்து அடி உயரமும் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் மூடுவதற்கே 1,00,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 45 டன் இரும்பு வேண்டும். எடை கூடக்கூடக் கப்பல் நீரில் ஆழ்ந்துகொண்டே போகும். ஆழமாக அமிழ்ந்தால் மணல்திட்டில் தட்டும். அமிழாதிருக்கவேண்டுமானால் கவசத்தைக் குறைக்கவேண்டும். வலிமைக்கும் மிதப்புக்கும் இடையே எல்லை வகுப்பதே அக்கலையின் நுட்பம்.

சாமுவேல் பூக் என்னும் கப்பல் வல்லுநர் வரைந்த வடிவம் இதற்கு வழி காட்டியது. கலம் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். ஆறு அடி ஆழத்துக்குமேல் அமிழாது. அதன்மேல் சாய்வான சுவர்களை உடைய கூடம் ஒன்று அமையும். நேராக நிற்கும் சுவரில் குண்டு முழு வேகத்தோடு தாக்கும். சாய்ந்த சுவரிலோ வழுக்கி விலகும். துடுப்புச் சக்கரத்தையும் அக்கூடத்தினுள்ளேயே மறைத்து வைக்கலாம். பகைவரை எதிர்கொள்ளும் முகப்பிலும், கொதிகலனும் எந்திரமும் உள்ள நடுப்பகுதியின் பக்கங்களிலும் மட்டும் இரும்பு அடித்தால் எடை கட்டுக்குள் நிற்கும். நீரில் படிந்து ஊரும் அத்தோற்றத்தைக் கண்டு, மக்கள் அக்கலங்களைப் பூக்கின் ஆமைகள் என்று அழைத்தனர்.

1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள், அத்தகைய கலங்கள் ஏழினை 65 நாள்களில் கட்டித் தருவதாக ஈட்ஸ் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அப்போது மரங்கள் காட்டில் நின்றுகொண்டிருந்தன, இரும்புத் தகடுகள் உருட்டப்படவில்லை, எந்திரங்கள் வார்க்கப்படவில்லை. ஈட்ஸ் பல மாநிலங்களிலுள்ள மரம் அறுக்கும் ஆலைகளுக்கும் இரும்பாலைகளுக்கும் தந்தி வழியே ஆணைகள் அனுப்பினார். இரண்டு வாரங்களுக்குள் ஏறத்தாழ 4,000 பேர் வேலையில் ஈடுபட்டனர் என்பர். இரவிலும் விளக்கொளியில் வேலை நடந்தது. அக்டோபர் மாதத்திலேயே முதற் கலம் நீரில் இறங்கியது.

அரசு கொடுக்கவேண்டிய தவணைப் பணமோ உரிய காலத்தில் வரவில்லை. ஈட்ஸ் தம் செல்வம் முழுவதையும் இட்டார். அது போதாமல் நண்பர்களிடமும் கடன் வாங்கினார். தொழிலாளர் கூலி நின்றால் வேலை நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். வடிவத்திலும் இடையிடையே மாற்றங்கள் செய்யவேண்டி வந்தன. ஆகவே ஏழு கலங்களும் குறித்த நாளில் முடியவில்லை. 1862-ஆம் ஆண்டு ஜனவரியிலேயே அவை பணிக்கு வந்தன. ஆயினும், ஒன்றுமில்லாத இடத்தில் ஐந்தே மாதங்களில் கவசக் கலங்களின் அணி ஒன்று தோன்றியது அருஞ்செயலே ஆகும்.

இதற்கிடையில், மேற்குப் பகுதியின் படைத்தலைவராக வந்த பிரீமான்ட், முன்னர்த் தள்ளப்பட்ட மீட்புக் கப்பலையும் கவசக் கலமாக்க இசைவு தந்தார். ஈட்ஸ் அதன் இரு அடிக்கூடுகளுக்கும் இடையிலிருந்த வெளியைப் பலகைகளால் மூடி ஒரே உடலாக்கினார். துடுப்புச் சக்கரத்தைப் பின்பகுதியில் அவ்விடைவெளியிலேயே அமைத்தார். மேலே சாய்சுவர்க் கூடம் எழுந்தது. முகப்புக்கு மூன்றரை அங்குல இரும்பு பொருத்தப்பட்டது. 16 பீரங்கிகள் ஏறின. இருநூறு அடி நீளமும் எழுபது அடிக்கு மேற்பட்ட அகலமும் கொண்ட அக்கலத்துக்குப் பென்டன் என்று பெயர் சூட்டினர். விரைவு குறைந்தது, ஆயினும் அந்த அணியில் அதுவே வலிமை மிக்கது. மூழ்கிய கப்பல்களை எடுத்துக் கரைசேர்த்த கப்பல், கப்பல்களை மூழ்கடிக்கும் கலமாயிற்று. போர் என்பது எத்தகைய மாற்றத்தை வேண்டுகிறது என்பதற்கு இதுவே சான்று.

பென்டன் முதன்முதல் ஆற்றில் இறங்கிச் சென்றபோது வழியில் மணலில் சிக்கிக்கொண்டது. நீர்மட்டமோ நாளுக்குநாள் குறைந்துகொண்டிருந்தது. கடற்படையினர் செய்வதறியாது திகைத்தனர். உடன் சென்ற ஈட்ஸ், கரையிலிருந்த பெருமரங்களில் தடித்த வடங்களைக் கட்டச் செய்து, அவற்றை இழுத்து இறுக்கிக் கலத்தை ஆழத்துக்கு நகர்த்தினார். அவருடைய பழந்தொழில் அவரைக் கைவிடவில்லை.

வெற்றியும் விலையும்

1862-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், புட் என்னும் கடற்படைத் தலைவரின்கீழ் அக்கலங்கள் டென்னசி ஆற்றங்கரையிலிருந்த ஹென்றிக் கோட்டையைத் தாக்கின. ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கோட்டை பணிந்தது. தரைப்படை வந்து சேருமுன்பே போர் முடிந்துவிட்டது. அப்போது ஈட்ஸுக்குச் சேரவேண்டிய தொகை முழுவதும் வந்து சேரவில்லை. கடலில் மானிட்டர் என்ற இரும்புக் கலம் போர் செய்து உலகப் புகழ் பெற்றது அதற்கு ஒரு மாதம் கழித்தே ஆகும்.

ஆயினும், அவ்வெற்றி விலையின்றி வரவில்லை. பயணிகளை ஆற்றின் மறுகரை சேர்த்துக்கொண்டிருந்த கப்பல் ஒன்றும் எசெக்ஸ் என்ற பெயரில் கவசக் கலமாக மாற்றப்பட்டு அப்போரில் கலந்துகொண்டது. பகைவர் குண்டு ஒன்று அதன் கொதிகலனைத் துளைத்தது. சீறிய நீராவியில் வீரர் பலர் வெந்து மாண்டனர். எட்டு நாள் கழித்து டோனல்சன் கோட்டையைத் தாக்கியபோது, உயர்ந்த மேட்டிலிருந்து விழுந்த குண்டுகள் கவசமில்லாத இடங்களைத் தாக்கின. கலங்கள் பின்வாங்கின, படைத்தலைவர் புட் காயமுற்றார். இரும்பு எல்லா இடத்தையும் மூடவில்லை. மூட இயலவும் இல்லை.

பின்னர்ப் பத்தாம் எண் தீவும், மெம்பிஸ் நகரும் வடவர் கைக்கு வந்தன. 1863-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து இரவு ஒன்றில், பென்டன் முன்செல்ல, கலங்கள் விக்ஸ்பர்க் கோட்டையின் பீரங்கி வரிசையைக் கடந்து சென்றன. ஜூலை 4-ஆம் நாள் விக்ஸ்பர்க் வீழ்ந்தது. அதனையடுத்து மிசிசிப்பி முழுவதும் வடவர் வசமாயிற்று. 1865-ஆம் ஆண்டில் போர் முடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் அடிமை முறை அந்நாட்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஈட்ஸ் கட்டிய ஏழு கலங்களுள் ஒன்றாகிய கெய்ரோ, 1862-ஆம் ஆண்டு டிசம்பரில் நீருள் வைக்கப்பட்ட வெடியால் தகர்ந்து மூழ்கியது. நூறாண்டுக்குமேல் சேற்றில் புதைந்து கிடந்த அதனை 1964-ஆம் ஆண்டில் வெளியே எடுத்தனர். விக்ஸ்பர்க்கில் அதனை இன்றும் காணலாம். மூழ்கியதை மீட்கும் தொழிலில் வாழ்ந்தவரின் கைவண்ணத்தைப் பிற்காலத்தவர் மீட்டெடுத்தனர்.

பாலம் அமைத்தல்

போர் முடிந்தபின் ஈட்ஸ் மீண்டும் ஆக்கப் பணிக்குத் திரும்பினார். செயின்ட் லூயியில் மிசிசிப்பியின் குறுக்கே பாலம் அமைக்க நகரத்தார் விரும்பினர். ஈட்ஸ் அதற்குமுன் ஒரு பாலமும் கட்டியதில்லை. ஆனால், ஆற்றின் அடி ஓடுகிறது என்பதை நேரில் கண்டவர் அவர். வெள்ளக் காலத்தில் ஆற்றின் மணல் மிக ஆழத்துக்கு அரிக்கப்படும் என்றும், தூண்கள் மணலில் நின்றால் நிலைக்கா என்றும், பாறையைத் தொடும்வரை அவற்றை இறக்கவேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். 1867-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது.

அடியில்லாத பெரிய இரும்புப் பெட்டிகளைக் கவிழ்த்து ஆற்றினுள் இறக்கி, அழுத்தப்பட்ட காற்றை உள்ளே செலுத்தி, ஆட்கள் அதனுள் இறங்கி மணலைத் தோண்டினர். இளமையில் அவர் பீப்பாயைக் கொண்டு செய்ததே இப்போது பேருருவம் பெற்றது. தூண் ஒன்று நீர்மட்டத்துக்குக் கீழே 90 அடிக்கும் அப்பால் சென்று பாறையைத் தொட்டது. அவ்வாழத்தில் எதிர்பாராத கொடுமை ஒன்று நேர்ந்தது. அழுத்தக் காற்றில் வேலை செய்து விரைவில் மேலே வந்தவர்கள் மூட்டுவலியால் துடித்தனர். சிலர் கைகால் முடங்கினர். பத்துக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். இரத்தத்தில் கரைந்த காற்று, அழுத்தம் திடீரெனக் குறையும்போது குமிழிகளாக வெளிப்படுவதே காரணம் என்பது இன்று தெரிந்த உண்மை. அன்று அதனை யாரும் தெளிவாக அறியவில்லை. ஈட்ஸ் வேலை நேரத்தைக் குறைத்தார். மிதக்கும் மருத்துவமனை ஒன்றை அமைத்தார். மருத்துவர் ஒருவரை அமர்த்தினார். எனினும், மாண்டவர் மாண்டவரே. அப்பாலத்தின் உறுதியில் பெயர் அறியப்படாத அத்தொழிலாளரின் உயிரும் கலந்துள்ளது.

மூன்று பெரிய எஃகு வளைவுகள் ஆற்றின்மேல் எழுந்தன. நடுவளைவின் அகலம் 520 அடி. அவ்வளவு பெரிய பாலத்துக்கு எஃகைப் பயன்படுத்தியது அதுவரை உலகம் காணாதது. மக்களின் அச்சத்தைப் போக்க, முதலில் யானை ஒன்றைப் பாலத்தின்மேல் நடத்திச் சென்றனர் என்பர். உறுதியற்ற இடத்தில் யானை கால் வைக்காது என்ற நம்பிக்கை அங்கும் இருந்தது. தெப்பக்காட்டு முகாமின் யானைகளைக் கண்டவர்களுக்கு அதில் வியப்பு ஏதும் இராது. பின்னர்ப் பதினான்கு இரயில் எஞ்சின்களை ஒருசேர நிறுத்திச் சோதித்தனர். 1874-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. ஈட்ஸ் பாலம் என்னும் பெயரோடு அது இன்றும் மக்களையும் வண்டிகளையும் சுமந்து நிற்கிறது.

இறுதிப் பணி

மிசிசிப்பி கடலோடு கலக்கும் முகத்தில் வண்டல் படிந்து கப்பல்களின் வழியை அடைத்தது. ஈட்ஸ் அதனையும் தீர்க்க முன்வந்தார். ஆற்றுமுகத்தின் இருபுறமும் கடலுக்குள் நீளும் இணைகரைகளை அமைத்தால், நீரோட்டம் குறுகி விரைவு பெறும். விரைந்த நீர் தானே வண்டலை அரித்துக் கடலில் தள்ளும் என்றார். பலர் மறுத்தனர். வெற்றி பெற்றால் மட்டும் பணம் கொடுத்தால் போதும் என்று அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். வில்லோ மரக் கொம்புகளைப் பாய்களாகப் பின்னிக் கல்லேற்றி அமிழ்த்தி அக்கரைகளை எழுப்பினார். 1879-ஆம் ஆண்டில் அங்கே 30 அடி ஆழமுள்ள வழி உண்டாயிற்று. இளமையில் இருட்டில் காலால் உணர்ந்த அதே உண்மைதான் அங்கும் பயன்பட்டது.

1884-ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள கலைக் கழகம் அவருக்கு ஆல்பர்ட் பதக்கம் வழங்கியது. அமெரிக்கருள் அதனை முதன்முதல் பெற்றவர் அவரே. கடற்கப்பல்களை இருப்புப் பாதையில் ஏற்றி மெக்சிகோ நாட்டின் குறுகிய நிலப்பகுதியைக் கடத்தும் திட்டம் ஒன்றையும் அவர் வகுத்தார். அது நிறைவேறுமுன், 1887-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள், பகாமாத் தீவுகளிலுள்ள நாசோ நகரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு.

ஈட்ஸ் கல்லூரியில் பயின்றவர் அல்லர். தாம் வாழ்ந்த ஊரின் ஆற்றை ஐயமின்றி அறிந்துகொள்ளவேண்டும் என்று முயன்றார். அதற்காக அதன் அடிவரை இறங்கினார். அந்த அறிவே அவரைக் கடனிலிருந்து மீட்டது. நாட்டுக்கு இடர் வந்தபோது கவசக் கலங்களாயிற்று. அமைதி வந்தபோது பாலமாயிற்று. கவசக் கலங்களின் காலம் சில ஆண்டுகளில் முடிந்துவிட்டது. இரு கரைகளை இணைத்த பாலமோ நூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கிறது. மலையானாலும் காடானாலும் ஆறானாலும், அருகிலுள்ள ஒன்றை ஆழ்ந்து அறிவதற்கு வறுமை தடையன்று என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.